ஓடற மோட்டாரை எதுக்குங்க கழட்டினீங்க?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேசைக் கணினியை லினக்ஸ் மின்ட் 21.3-லிருந்து 22-க்கு மேம்படுத்தினேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் போக, மாலை நாலு மணிக்கு முடிந்தது. எழுபத்து நாலு வயதில் யார் துணையும் இல்லாமல் நானே செய்தேன் என்பதை மறுநாள் காலை நடையின்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

எங்கள் நடைக் கூட்டத்தில் ஒருவர் பீளமேட்டில் முப்பது வருடம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் நின்று கேட்டார்:

"ஏனுங்க சார், அது நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"ஓடிட்டுத்தான் இருந்ததுங்க."

"அப்புறம் ஓடற மோட்டாரை எதுக்குங்க கழட்டினீங்க?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் மோட்டாரை வைத்துக் கேள்வி கேட்டால் அதற்குச் சும்மா பதில் சொல்லிவிட முடியாது. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கணினி வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது இப்போது வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் தருகிறார்கள், அவ்வளவுதான். பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு பலவற்றில் இல்லை. இருந்தாலும் செயலி பழையது என்று தள்ளிவிடும். "புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள் பிள்ளைகள். வாங்கலாம். வாங்காமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் விஷயம் தெரிந்து செய்ய வேண்டும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். புதுப்பித்தல் ஒன்று, மேம்படுத்தல் இன்னொன்று. என்னைப் போல அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். புதுப்பித்தல் என்பது அகவிலைப்படி. மேம்படுத்தல் என்பது ஊதியக் குழு. அகவிலைப்படி அவ்வப்போது வரும், சம்பளத்தோடு சேர்ந்துகொள்ளும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கணினியில் வாராவாரம் வரும் சின்னச் சின்னத் திருத்தங்கள் அந்த வகை. வந்தவுடன் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊதியக் குழு அப்படி வராது. அடிப்படைச் சம்பளம் முதல் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக நிர்ணயம் செய்வார்கள். எந்தத் தேதியிலிருந்து மாறுகிறாய் என்று ஆப்ஷன் கேட்பார்கள். அந்த ஆப்ஷனைத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை வருத்தப்பட்டவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்த்திருக்கிறோம்.

லினக்ஸ் எதுவென்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கிய கருவைச் சுற்றி உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்த இயங்குதளம் அது. விண்டோஸ் இருக்கும் இடத்தில் இது இருக்கும். பல பெயர்களில் பல வகைகள் உண்டு. உபுண்டு 2004-இல் வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2006-இல் கிளெமான் லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்ததுதான் மின்ட். விண்டோஸ் பழகியவர்களுக்கு முகம் தெரிந்த வீடு மாதிரி இருக்கும் என்பதால் என் தம்பி மகன் எனக்கு அதைத் தேர்ந்தெடுத்தான். மின்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர் வைப்பார்கள். 2021-இல் வந்த 20.2-க்கு உமா என்று பெயர்! இப்போது நான் ஏறியிருக்கும் 22-க்குப் பெயர் வில்மா.

உபுண்டுவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். எண்ணைப் பார்த்தாலே பிறந்த தேதி தெரியும். 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் ஏப்ரல் பதிப்புக்கு மட்டும் ஐந்து வருடம் பராமரிப்பு. மின்ட் அந்த நீண்டகாலப் பதிப்பின் மேலேயே உட்காருகிறது. அதனால் மின்ட் 21 வரிசைக்கு 2027 ஏப்ரல் வரையும், 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரையும் திருத்தங்கள் உண்டு. நாம் வேலையில் சேர்ந்த அன்றே பணிப் பதிவேட்டில் ஓய்வு பெறும் தேதி தெரிந்துவிடும் அல்லவா, அது போல. இது எனக்குப் பிடித்த நாணயம்.

"அப்படியானால் உங்களுக்கு 2027 வரை நேரம் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மின்ட்காரர்களே மேம்படுத்தும் வழியைச் சொல்லும்போது, உனக்கு இது தேவையா, எதற்காகச் செய்கிறாய் என்று முதலில் யோசி என்கிற தோரணையில்தான் சொல்கிறார்கள். பழையதைப் பராமரிப்புத் தேதி வரை வைத்திருப்பது தப்பே இல்லை. மோட்டார்க்காரர் கேட்டதும் அதுதான். எனக்குக் காரணம் ஒன்று இருந்தது. அது 2023-இல் நடந்த கதை.

என் கணினி 2013-இல் வாங்கியது. விண்டோஸ் 7-உடன் வந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்குப் பராமரிப்பு முடிந்தபோது தம்பி மகன் மின்ட் 19.3 போட்டுக் கொடுத்தான். மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. 2023 ஏப்ரலில் அதற்கும் காலம் முடிந்தது. அவன் அப்போது வெளிநாடு போய்விட்டான். எனக்கு மேம்படுத்தத் தெரியாது. கற்றுக்கொள்ள முயலவும் இல்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். "ஃபுல்லா ஃபார்மட் பண்ணிப் புதுசு போட்டுத் தந்தர்றேனுங்க சார், உங்க ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துத் தர்றேன்" என்றான் அங்கிருந்த பையன். சொன்னபடி செய்தான். ஆவணங்கள், படங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. அவன் மேல் குற்றம் இல்லை. அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

2008-இல், ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், அம்மாவை உட்கார வைத்து அவள் கதையைச் சொல்லச் சொல்லித் தட்டச்சு செய்தேன். புதுச்சேரியில் அவள் பிறந்த தெரு, கல்யாணம், 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியதைக் கைக்குழந்தையாக இருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தது, பிறகு என் வேலையோடு கோவைக்கு வந்தது என்று நாற்பத்திரண்டு பக்கம். இரண்டு வருடம் கழித்து அம்மா போய்விட்டாள். அச்செடுத்து வைத்திருக்கவில்லை. கணினியில் இருக்கிறதே என்ற நம்பிக்கை.

கடையிலிருந்து வந்து ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரி தமிழ் இல்லை. தொப்பி போட்ட ஓ, கீழே வால் முளைத்த ச, தலையில் இரண்டு புள்ளி வைத்த உ. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த எழுத்துகள் எல்லாம் சின்ன வயதில் மை தொட்டு எழுதிப் பழகியவை. ஒவ்வொன்றும் தெரிந்த முகம். ஆனால் நாற்பத்திரண்டு பக்கத்தில் படிக்கிற மாதிரி ஒரு பிரெஞ்சுச் சொல் இல்லை. அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு நாலைந்து நாள் ஆனது. அந்தக் காலத்தில் நாம் தமிழ் அடித்த எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஐரோப்பிய எழுத்து. அதற்கான இடத்தில் தமிழ் வடிவத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். எழுத்துரு போனால் அடியில் இருக்கும் எழுத்து வெளியே வந்துவிடும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி அடுக்கி வைத்திருந்ததால் ஒன்றில் அடித்தது இன்னொன்றில் திறக்காது. இதைச் சீர்செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறிமுறைகளும் அங்கிருந்துதான் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும், நம் அலுவலகங்களுக்கு அது வந்து சேரப் பல வருடம் ஆனது. கடைசியில் அதற்கான அரசாணை 2010 ஜூன் 23-ஆம் தேதி போடப்பட்டது. நம் ஊரில் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள். யூனிகோடும், டேஸ் 16 என்ற பதினாறு பிட் குறிமுறையும் இனி அரசின் தர நிர்ணயம் என்றது அந்த ஆணை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பேரனுக்கு அலங்கார ஊர்தி காட்டக் கூட்டத்தில் நின்றேன். என் கோப்புகளைப் பற்றிய ஆணை ஒன்று அன்றைக்கு வந்திருக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

பழைய குறுந்தகடு ஒன்றில் அந்த எழுத்துரு கிடைத்தது. அதைப் போட்டதும் அம்மா திரும்பி வந்துவிட்டாள். உடனே எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, தப்பாக விழுந்த எழுத்துகளை மூன்று வாரம் உட்கார்ந்து கையால் திருத்தினேன். நாற்பதரைப் பக்கம் மீண்டது. கடைசி ஒன்றரைப் பக்கத்தை வேறொரு எழுத்துருவில் அடித்திருக்கிறேன். எது என்று நினைவில்லை. அது இன்னும் தொப்பியும் வாலுமாகவே இருக்கிறது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கணினி பழையதாவது ஆபத்து. அதைவிட ஆபத்து, மாறும் நாளன்று நாம் பக்கத்தில் இல்லாமல் இருப்பது. எது எங்கே இருக்கிறது, எது போனால் எது போகும் என்று சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். கடைப் பையனுக்குத் தெரியாது. அடுத்த மேம்படுத்தலைக் கடைசித் தேதி நெருக்காத ஒரு நாளில், என் கை ஒழுங்காக வேலை செய்கிறபோதே, நானே செய்து பழகிவிடுவது என்று முடிவு செய்தேன். 2027-இல் எனக்கு எழுபத்தாறு. அப்போது கண் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பதிப்பு வந்த சூட்டோடு நான் ஏறவில்லை. மின்ட் 22 வந்தது 2024 ஜூலையில். நான் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். காத்திருப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. உபுண்டுவிலேயே நீண்டகாலப் பதிப்பு வைத்திருப்பவர்களை முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை அடுத்ததற்கு அழைக்க மாட்டார்கள். 24.04-க்கு அந்தத் திருத்தப் பதிப்பு 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. வந்த பிறகும் ஒரு பிழை தெரிந்ததால் மேம்படுத்தலைச் சில நாள் நிறுத்தி வைத்துச் சரிசெய்தார்கள். முதல் பஸ்ஸில் தொத்திக்கொண்டு போக வேண்டிய அவசரம் நமக்கென்ன?

ஒரு வாரம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதினேன். என்னிடம் உள்ள கோப்புகள், நான் தனியாகச் சேர்த்த நிரல்கள், எழுத்துருக்கள், அச்சுப்பொறியின் பெயர். எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்தேன். மறைந்திருக்கும் அடைவுகளையும் சேர்த்து. எழுத்துருக்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நகல் எடுத்ததோடு நிற்காமல் அந்த வட்டை மகள் வீட்டு மடிக்கணினியில் சொருகி அம்மாவின் கோப்பு திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத கருவூலப் பெட்டி மாதிரி. கணக்கில் இருக்கும், பெட்டியில் இருக்காது.

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒரு வசதி உண்டு. கணினியின் இன்றைய நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மேம்படுத்தல் பாதியில் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மேம்படுத்தும் கருவியே இதை முதலில் கேட்கும், இல்லாவிட்டால் மேலே போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அது இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும். நம் ஆவணங்களைத் தானாகச் சேர்க்காது. அதற்கு வெளி வட்டு நகல்தான் கதி.

பேப்பரில் மாதாந்திர மின்தடை அறிவிப்பில் எங்கள் பகுதி இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஞாயிறு காலை ஆரம்பித்தேன். கருவி முதலில் ஒரு சோதனை செய்தது. வெளியிடங்களிலிருந்து நான் சேர்த்த இரண்டு நிரல்களை எடுக்கச் சொன்னது. எடுத்தேன். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் இறங்கின. கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியதைப் பார்த்து மனைவி, "என்னங்க இது, வைரஸா?" என்றாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்து மீண்டும் போட்டபோது வில்மா வந்தாள்.

எல்லாம் அப்படியே இருந்ததா என்றால் இல்லை. தமிழ்99 விசைப்பலகை பட்டியலில் இல்லை. உள்ளீட்டு முறை அமைப்பில் போய் மறுபடி சேர்த்தேன், பத்து நிமிடம். அச்சுப்பொறி அச்சடிக்கவில்லை. அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்ததும் அடித்தது, அதற்கு ஒரு மணி நேரம். முதலில் அடித்தது அம்மாவின் நாற்பதரைப் பக்கம். இப்போது அது பீரோவில் இருக்கிறது.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். நம் மாநிலத்தின் கதையும் இதுவாகத்தான் தெரிகிறது. லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007-இல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளில் வேலை செய்ய ஏற்றபடி செய்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பராமரிப்பு முடிந்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தல் போனது. ஆக, முயற்சி குறைவில்லை. ஆனால் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் சிலரிடம் நான் கேட்டிருக்கிறேன். திறந்ததும் இரண்டு பெயர் வருகிறதே, இரண்டாவது எதற்கு என்று. தெரியாது தாத்தா என்பார்கள். தெரியாததை எப்படிப் பயன்படுத்துவார்கள், எப்படி மேம்படுத்துவார்கள்? இரண்டு மூன்று வருடத்தில் அது பழையதாகி, பிறகு யாரோ இடத்துக்காக அழித்திருப்பார்கள்.

வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிறது. பள்ளிகளில் முழுக்க லினக்ஸ். 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாக வைத்துத் தங்கள் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பை வெளியிட்டார்கள். பிறகு 22.04-க்குப் போனார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தையே அதற்குத் தகுந்தபடி எழுதினார்கள். பாலக்காட்டில் ஒரு ஆசிரியை புதுப் பதிப்பு என்றால் மிரள மாட்டார். பிரான்சில் ழாந்தார்மெரி என்ற காவல் படையும் 2008 வாக்கில் உபுண்டுவில் ஏறி, தங்களுக்கென்று ஒரு வடிவம் செய்து, பதிப்பு மாற மாற அதையும் மாற்றிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான் நடந்தது. கொடுத்த பிறகும் கூடவே இருந்தார்கள்.

நான் படித்த மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு. காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி'. கட்டில்லாமல் இருப்பது 'லிப்ர்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃப்ரீ என்ற ஒரே சொல் என்பதால் அவர்களுக்குக் குழப்பம். தமிழில் நமக்குக் குழப்பமே இல்லை. இலவசம், விலையில்லா என்பது ஒரு பக்கம், கட்டற்ற என்பது இன்னொரு பக்கம். இருந்தும் நாம் லினக்ஸை இலவசமாகவே வாங்கினோம். இலவசமாக வந்த பொருளுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். கெட்டால் மூலையில் போடுவோம். கட்டற்ற பொருளுக்கு விலை உண்டு. பணமாக இல்லை, பாடாக. இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் உட்கார வேண்டும். அந்த ஒரு நாளைக் கொடுக்க மறுத்தால் விண்டோஸோ லினக்ஸோ, நாம் யாரோ ஒருவர் கையில்தான்.

எல்லோரும் லினக்ஸுக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. டேலியில் கணக்கு எழுதுபவர், டிஜிட்டல் கையொப்பம் வைத்து வரி தாக்கல் செய்பவர், குறிப்பிட்ட ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர் அவசரப்பட்டு மாறினால் சிரமப்படுவார். கடிதம் எழுத, வங்கி இருப்பைப் பார்க்க, பேரப்பிள்ளைகளோடு பேச, பழைய பாட்டு கேட்க என்றால் தாராளமாகப் போதும். நிறுவாமலே பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி வைஃபை, அச்சுப்பொறி, தமிழ் எல்லாம் வருகிறதா என்று அரை மணி நேரம் சோதித்துப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

மாறாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பராமரிப்பு முடிந்த இயங்குதளத்தில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். நம் ஓய்வூதியம் அங்கேதான் இருக்கிறது. 2010-க்கு முன்னால் நீங்கள் தமிழில் அடித்த கோப்பு ஏதாவது இருந்தால், இந்த வாரமே திறந்து பாருங்கள். தொப்பியும் வாலுமாகத் தெரிந்தால், எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நினைவும் காலம் முடிகிற சரக்குதான்.

போன வாரம் மோட்டார்க்காரரிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "மோட்டாரையும் கழட்டித்தானுங்க பார்க்கோணும். புகைஞ்ச பொறவு கழட்டினா காயில் மிஞ்சாது" என்றார். அவர் வீட்டிலும் விண்டோஸ் 10 கணினி ஒன்று இருக்கிறதாம், பேத்தி விட்டுப்போனது. "வந்து போட்டுக் குடுங்க சார்" என்றார்.

வருகிறேன் என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். விசைப்பலகை அவர் கையில், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். செய்வதையெல்லாம் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நான் இருக்கிறேனோ இல்லையோ.

"நோட்டு வாங்கி வெச்சர்றேனுங்க" என்றார்.